கரைக்க முடியாததைச் செய்தவர்

1996 ஏப்ரலில் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. முந்திய ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு பூட்டிவிட்டுப் போன கதவும் இல்லை. எரிந்த வீடு. அந்தக் கதையை எங்கள் ஊரில் எல்லாச் சுவர்களும் சொல்லும். ஆகவே விடுகிறேன்.

குசினிக்குள் விட்டுப்போன நீல நிறப் பிளாஸ்டிக் வாளி உருகி, சீமெந்து நிலத்தில் தோசை போலப் படிந்து கிடந்தது. அம்மா அதைக் கத்தியால் சுரண்டி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விறாந்தைச் சுவரில் இருந்த கறுப்புச் சுவிச் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முகம் கொப்பளித்து, பளபளப்புப் போயிருந்தது. உருவம் மட்டும் குலையவில்லை. ஐயா வயரிங் வேலை செய்தவர். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற நாளிலிருந்து அந்தச் சுவிச் ஒரு குமிழைக்கூட எரிய வைத்ததில்லை. அவர் அதைக் கழற்றி, நகத்தால் கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது பேக்லைட், உருகாது என்று மட்டும் சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு நான் இரசாயனவியல் ஆசிரியன் ஆனேன். உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் பேக்லைட்டைக் கரும்பலகையில் வரைந்தேன். பீனோல் ஒரு பக்கம், போமல்டிகைட்டு மறுபக்கம், நடுவில் நீர் கழன்று போகும், கிடைப்பது முப்பரிமாண வலையமைப்பு. வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக்குக்கு உதாரணம் தருக என்றால் பேக்லைட் என்று எழுதினால் புள்ளி உண்டு. அதைச் செய்த மனிதரின் பெயர்கூடப் பரீட்சைக்கு வேண்டியதில்லை.

போருக்குப் பின் எனக்கு முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே கடற்கரையில் உடைந்த பைபர் போட்டுகள் குவிந்து கிடந்தன. சுனாமிக்குப் பின் உதவியாக வந்தவை, 2009 இல் உடைந்தவை. மரவள்ளம் என்றால் இரண்டு மாரிக்குள் உக்கிப்போகும், இல்லாவிட்டால் அடுப்புக்கு விறகாகும். இவை உக்கவில்லை. சிலர் கரையைத் துப்புரவாக்க அவற்றைக் கொளுத்திப் பார்த்தார்கள். கரும்புகை எழுந்து ரெசின் எரிந்துபோனது. கண்ணாடி இழை மட்டும் வெள்ளைத் துணி போல மணலில் மிஞ்சியது. வெறுங்காலுடன் நடந்தால் தோலுக்குள் ஏறி அரிக்கும்.

அந்தக் கரையிலிருந்து வந்த ஒரு மாணவி, நான் வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக்கைப் படிப்பித்து முடித்த நாளில், அப்படியென்றால் இதைக் கரைக்கவே முடியாதா என்று கேட்டாள். முடியாது என்று பாடப்புத்தகத்தின் குரலில் பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அந்தக் கேள்வியால்தான் லியோ பேக்லாண்டின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவரும் தன் ஆய்வை இதே கேள்வியோடுதான் தொடங்கியிருந்தார்.

பேக்லாண்ட் 1863 நவம்பர் 14 இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் வீட்டு வேலை செய்தவர். மகனும் தன்னோடு இருந்து தோல் தைக்கப் பழகட்டும் என்பது தந்தையின் எண்ணம். தாய் விடவில்லை. பகலில் பாடசாலை, இரவில் நகரத் தொழில்நுட்பப் பள்ளியின் வகுப்புகள் என்று பையன் படித்தான். நகரசபை தந்த புலமைப்பரிசிலால் 17 வயதில் கெண்ட் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, 21 வயதில் மிகச் சிறந்த தரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றான். எங்கள் ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மேலே வந்தவர்களின் கதையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வீடு புதிதாக இராது. பிள்ளை படிக்கட்டும் என்று அடம்பிடிக்கும் ஒரு தாய் அங்கேயும் இருந்திருக்கிறார்.

தன் பேராசிரியர் தியோடர் சுவார்ட்ஸின் மகள் செலினை 1889 இல் மணந்தார். அதே ஆண்டு பயணப் பரிசில் ஒன்றோடு நியூயோர்க் போனவர் பெல்ஜியத்துக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழகப் பதவியை விட்டுவிட்டுப் புகைப்படப் பொருட்கள் விற்கும் கொம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார், நோயில் விழுந்தார், கையிலிருந்த காசும் கரைந்தது. படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் பத்து வேலையை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு திரிவதை விட்டு ஒன்றை மட்டும் முடிப்பது என்று தீர்மானித்ததாகச் சொல்வார்கள்.

அந்த ஒன்று, வெலொக்ஸ் என்ற புகைப்படத் தாள். அதுவரை படத்தைத் தாளில் பதிக்கச் சூரிய வெளிச்சம் வேண்டும். மழை நாளென்றால் வேலை இல்லை. வெலொக்ஸ் தாளில் வாயு விளக்கின் வெளிச்சத்திலேயே இரவிலும் பதிக்கலாம். 1893 அளவில் யோங்கர்ஸ் நகரில் தொடங்கிய அந்தத் தொழிலை 1899 இல் கொடாக் நிறுவனத்தின் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் வாங்கினார். விலை சுமார் 750,000 டொலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. பேக்லாண்ட் 50,000 கேட்டு 25,000 வரை இறங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனார், ஆனால் ஈஸ்ட்மன் முதலில் வாய் திறந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 36 வயதுக்குள் அவர் பெரும் பணக்காரர் ஆனார் என்பது மெய்.

இந்த இடத்தில் ஒரு துயரமும் உண்டு. மூத்த மகள் ஜெனி 1895 இல், ஐந்து வயதில் இறந்துபோனாள். வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துபோகின்றன. அந்த ஒரு வரியில் நான் சற்றுநேரம் நின்றேன். வெற்றிக் கதைகளின் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், வெலொக்ஸ் தாள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அந்த வீட்டில் ஒரு சிறு சவப்பெட்டியும் போயிருக்கிறது.

விற்ற பணத்தில் ஹட்சன் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய வீடு வாங்கினார். குதிரைலாயமாக இருந்த கட்டடத்தை ஆய்வுகூடமாக மாற்றினார். ஜேர்மனிக்குப் போய் மின்னிரசாயனத்தைப் புதிதாகப் படித்துவிட்டு வந்தார். பிறகு, எதை ஆராய்ந்தால் உலகத்துக்குத் தேவைப்படும் என்று யோசித்தார்.

அப்போது உலகமெங்கும் மின்சாரம் பரவிக்கொண்டிருந்தது. மின்கம்பிக்குச் செம்பு இருந்தது. ஆனால் மின்சாரம் வழிமாறிப் போகாமல் தடுக்கும் காவலி வேண்டுமே. அதற்குப் பெரிதும் நம்பியிருந்தது அரக்கை. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய மாளிகை இருந்ததே, அந்த அரக்குத்தான். இந்தியாவின் காடுகளில் மரக்கிளைகளில் அப்பியிருக்கும் சிறு பூச்சிகள் சுரப்பதைச் சுரண்டி, உருக்கி, கப்பலேற்றி அனுப்புவார்கள். பூச்சியின் வேகத்துக்குத்தான் அரக்கு வரும். மின்சாரத்தின் வேகத்துக்கு அது காணாது. விலை ஏறிக்கொண்டே போனது. மலிவான செயற்கை அரக்கு ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்பதுதான் பேக்லாண்டின் முதல் எண்ணம். பெரிய கனவு எதுவும் இல்லை.

பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்தால் பிசின் போன்ற ஒன்று வரும் என்பது 1872 இலேயே தெரிந்த விடயம். ஜேர்மனியின் பெரும் இரசாயனவியலாளர் அடோல்ப் வொன் பேயர் அதைக் கண்டிருந்தார். அவர் சாயங்களைத் தேடிக்கொண்டிருந்தவர். குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு கழுவவும் போகாத அந்தப் பிசினில் அவருக்கு என்ன அக்கறை? 1891 இல் கிளீபெர்க் என்பவரும் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டார். எந்தத் திரவத்திலும் கரையாது, சூடாக்கினால் இளகாது, பளிங்காகவும் படியாது. இப்படியொரு பொருளைச் சுத்திகரிக்கவோ சோதிக்கவோ வழி இல்லை. ஆய்வுகூடத்தில் அதன் பெயர் கழிவு.

பேக்லாண்டும் உதவியாளர் தர்லோவும் முதலில் தேடியது இந்தக் கழிவைக் கரைக்கும் திரவத்தை. கரைத்தால்தானே அரக்கு போலப் பூசலாம். கரையக்கூடிய ஒரு பிசினும் கிடைத்தது. நோவொலாக் என்று பெயர் வைத்தார்கள். அது அரக்கின் இடத்தைப் பிடிக்கவில்லை. கரையாத பொருளோ எதற்கும் மசியவில்லை. பேக்லாண்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டது இங்கேதான். கரைக்கவே முடியாத ஒன்றை ஏன் கரைக்க முயல வேண்டும்? எதற்கும் கரையாது, தீக்கும் இளகாது என்பதுதான் இதன் குறை என்றால், அந்தக் குறைக்காகவே காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்க மாட்டார்களா?

மெல்லிய மரத்துண்டுகளைக் கலவையில் ஊறவைத்துச் சூடாக்கிப் பார்த்தார். மரம் எதிர்பார்த்தபடி வரவில்லை. மரத்திலிருந்து கசிந்து இறுகியது மரத்தைவிட நல்ல பொருளாக இருந்தது. 1907 ஜூன் மாதக் குறிப்பேட்டில் கிடைத்த பொருட்களுக்கு எழுத்து வரிசையில் பெயரிட்டுக்கொண்டு வந்தவர், நாலாவதற்குத் தன் பெயரையே வைத்தார்.

அவருக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சூட்டுக்குப் பயந்தார்கள். சூடு ஏறினால் கலவை நுரைத்துப் பொங்கி, இறுகும்போது பாண் போல ஓட்டை ஓட்டையாக வரும். ஆகவே மெதுவாக, நாட்கணக்கில், குறைந்த சூட்டில் இறுக விட்டார்கள். பேக்லாண்ட் எதிர்ப் பக்கம் போனார். சூட்டை இன்னும் ஏற்றினார், ஆனால் நுரைக்க விடாமல் மேலிருந்து அழுத்தம் கொடுத்தார். இதற்கென்று செய்த இரும்புப் பாத்திரம் ஒன்று இன்றும் வொஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேர்ப்பில் இருக்கிறது. பெரிய முட்டை வடிவம், சுற்றிவரத் திருகாணிகள். 1907 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909 டிசெம்பரில் கிடைத்தது. அதே 1909 இன் பெப்ரவரியில் நியூயோர்க்கில் இரசாயனவியலாளர் கூட்டத்தில் உலகுக்கு அறிவித்தார். இயற்கையில் கிடைக்கும் எந்தப் பிசினும் இழையும் சேராமல் முற்றிலும் செயற்கையாகச் செய்யப்பட்ட முதல் பிளாஸ்டிக் அதுதான்.

இந்த இறுகுதல் என்ன என்பதை வகுப்பில் நான் பனங்கட்டியையும் முட்டையையும் வைத்துத்தான் சொல்வேன். பனங்கட்டியை உருக்கலாம், ஆறவிட்டால் மறுபடி கட்டியாகும், மறுபடி உருக்கலாம். அம்மா சுரண்டிய வாளி அந்தச் சாதி. ஜெய்ப்பூர் கால் செய்யும் இடங்களில் பொலித்தீன் குழாயைச் சூட்டில் இளக்கி, வெட்டுண்ட காலின் அச்சுக்குமேல் இழுத்துப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்தச் சாதிதான், இளகும், இணங்கிப்போகும். அவித்த முட்டை அப்படி இல்லை. அதை மறுபடி சூடாக்கினால் கருகுமே தவிரப் பழைய திரவமாகாது. பேக்லைட் இந்தச் சாதி. அதில் தனித்தனிச் சங்கிலிகள் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு, முழுப்பொருளும் ஒரே வலையாகிவிடுகிறது. சுவிச்சின் மூடி முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று, பேக்லைட் தனியாக நொறுங்கும் பொருள். அதைப் பலமாக்கியது அதற்குள் கலந்த மரத்தூள், பருத்தி, கடதாசி. கல்நாரும் கலந்தார்கள், அதன் விலையைத் தொழிலாளர்களின் நுரையீரல் பின்னாளில் கொடுத்தது. களிமண்ணுக்குள் வைக்கோல் மிதித்துச் சுவர் வைத்த எங்கள் ஆட்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. இழை இழுவையைத் தாங்கும், மண் இழையைப் பிடித்து வைத்திருக்கும். மின்பொறிக் கொம்பனி ஒன்றில் வேலை செய்த ஓகொனர், பேபர் என்ற இருவர், துணியையும் கடதாசியையும் பேக்லைட் வகைப் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தும் முறையோடு வெளியேறி 1913 இல் தனித் தொழில் தொடங்கினார்கள். மைக்காவுக்குப் பதிலாகக் காவலியாகப் பயன்படுவது என்பதால் அதற்குப் போர்மைக்கா என்று பெயர். எங்கள் வீடுகளில் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் அதே போர்மைக்கா. பிசினும் இழையும் சேர்ந்து இறுகும் கலப்புப் பொருட்களின் பரம்பரையில் இது மூத்த பிள்ளை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்ணாடி இழையும் பொலியெஸ்ரர் ரெசினும் சேர்ந்தன. அந்த வழியில் வந்ததுதான் முல்லைத்தீவுக் கரையில் கிடக்கும் போட்.

பேக்லாண்ட் முதலில் உரிமத்தை மட்டும் விற்கவே விரும்பினார். வாங்கியவர்கள் சரியாகச் செய்யத் தெரியாமல் பொருளைக் கெடுத்தார்கள். 1910 இல் தானே கொம்பனி தொடங்கினார். கார் இயந்திரத்தின் மின் பாகங்கள், தொலைபேசி, சுவிச், ஹோல்டர், தாச்சிக் கைபிடி, வானொலிப் பெட்டி என்று அது நுழையாத இடமில்லை. மலிவு என்பதுதான் அதன் பலம். பீனோல் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது, போமல்டிகைட்டு மர மதுசாரத்திலிருந்து; இரண்டும் பூச்சிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போட்டிக் கொம்பனிகளோடு பல ஆண்டு வழக்காடி, 1922 இல் எல்லாரையும் தன்னோடு இணைத்துக்கொண்டார். 1924 இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது. கொம்பனியின் முத்திரையில் அவரது பெயரின் முதலெழுத்துக்குக் கீழே கணிதத்தில் முடிவிலியைக் குறிக்கும் அடையாளத்தைப் போட்டார்கள். பயன்களுக்கு முடிவில்லை என்பது அவர்கள் நினைத்த பொருள். அந்தக் கரையைப் பார்த்தபின் நான் அதை வேறுமாதிரி வாசிக்கிறேன்.

வானொலிப் பெட்டி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ஐயா செய்தி கேட்டதுதான். நான் களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். முக்கியமான இடத்தில் குரல் மங்கினால் எனக்கு ஏச்சு விழும்.

முதலாம் உலகப் போர் வந்தபோது பேக்லாண்ட் பிறந்த கெண்ட் நகரம் ஜேர்மன் படைகளின் பிடிக்குள் போனது. அவர் அப்போது அமெரிக்கக் குடிமகன். எடிசன் தலைமையிலான கடற்படை ஆலோசனைச் சபையில் 1915 இல் உறுப்பினரானார். போர் அவரது தொழிலையும் தொட்டது. பீனோல் பிசினுக்கு மட்டும் உதவுவதல்ல, பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்துக்கும் அதுதான் மூலப்பொருள். சுவிச்சும் எறிகணையும் ஒரே பீப்பாய்க்குக் காத்திருந்த காலம் அது.

அவர் மிதிவெடி செய்தவர் அல்ல. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தார்கள். சோவியத் யூனியனின் பி.எம்.என் மிதிவெடியின் உடல் பேக்லைட்தான். உக்காது, துருப்பிடிக்காது, மழை உள்ளே போகாது. சுவிச்சுக்கு நல்ல குணங்கள் என்று நான் கரும்பலகையில் எழுதியவை எல்லாம் மண்ணுக்குள் வேறு ஒன்றுக்கும் நல்ல குணங்களாக இருந்திருக்கின்றன. எங்கள் மண்ணில் விதைக்கப்பட்டவற்றிலும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை ஏராளம். உலோகம் குறைவென்பதால் கருவிக்கு அகப்படாது. கண்ணிவெடி அகற்றும் பணியில் முழங்காலில் இருந்து மண்ணை விரலளவு விரலளவாகக் கிளறிய பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அவரது கடைசிக் காலம் விசித்திரமானது. புளோரிடாவில் தோட்டமும் வெப்பவலயச் செடிகளுமாகத் தனித்துப்போனார். உணவைத் தகரப் பேணியிலிருந்து அப்படியே சாப்பிட்டார், வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு திரிந்தார். மகன் ஜோர்ஜுக்குக் கொம்பனியில் நாட்டம் இல்லை. இருவருக்கும் ஒத்துவரவும் இல்லை. 1939 இல் கொம்பனி யூனியன் கார்பைட்டுக்கு விற்கப்பட்டது. 1984 டிசெம்பரில் போபாலோடு சேர்ந்து உலகம் அறிந்துகொண்ட அதே பெயர். 1944 பெப்ரவரி 23 இல், 80 வயதில், நியூயோர்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார். கெண்ட் அப்போது இரண்டாவது தடவையாக ஜேர்மன் பிடியில் இருந்தது. அது விடுபட இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அவர் கைவிட்ட முதல் கேள்வி அப்படியே கிடந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக உலகம் இறுக வைத்துக்கொண்டே வந்தது. திரும்பக் கரைக்க வழி தேட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இப்போது அவசரம் வந்திருக்கிறது. பெரும் காரணம் காற்றாலைகள். மன்னாரில் 2020 இல் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாலைகள் இருக்கின்றன, மொத்தம் 103.5 மெகாவொட். ஒவ்வொன்றின் சுழலி விட்டமும் 126 மீற்றர். அந்த அலகுகள் இழையும் எபொக்சி ரெசினும் சேர்ந்து இறுகிய உடல்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டில் கழற்ற வேண்டி வரும். காற்றாலைகள் பற்றி மன்னார் மக்களுக்கு உள்ள மனக்குறைகள் தனியாக எழுத வேண்டியவை. இங்கே ஒன்று மட்டும் கேட்கிறேன். கழற்றியபின் அவற்றை எங்கே போடுவது? அவற்றைச் செய்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம், பழைய எபொக்சி அலகுகளையும் இரசாயன முறையில் உடைத்துப் பிரிக்கும் வழி கிடைத்திருப்பதாக 2023 இல் அறிவித்தது.

இத்தகைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2014 இல் வெளிவந்த ஒன்று. ஐ.பி.எம் ஆய்வுகூடத்தில் ஜெனட் கார்சியா என்ற பெண் இரசாயனவியலாளர் வேறு எதையோ செய்யப்போய், குடுவைக்குள் வெள்ளைக் கட்டி ஒன்று இறுகிப்போனது. சுத்தியலால் தட்டினார். குடுவை உடைந்தது, கட்டி உடையவில்லை. பேயர் எறிந்துவிட்டுப் போன அதே காட்சி, 142 ஆண்டு கழித்து. இவர் எறியவில்லை. சோதித்துப் பார்த்தபோது அது வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக்கில் புதிய ஒரு வகை என்று தெரிந்தது. வலிய அமிலத்தில் போட்டால் அது கரைந்து, செய்யப்பட்ட மூலப்பொருட்களாகவே திரும்பியது.

இன்னொன்று 2020 இல் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் வெளியிட்டது. முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அதை வலையை வைத்துச் சொல்லலாம். ஒரு வலையைப் பிரிக்க முடிச்சுகளை வெட்டலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் பலவீனமான கண்ணிகளை முடிச்சில் வைக்காமல், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே ஓடும் நூலில் வைத்தார்கள். அதுவும் பத்திலொரு பங்கு அளவில்தான். பாவனையில் இருக்கும்வரை பொருளின் பலம் குறையவில்லை. குறிப்பிட்ட ஒரு புளோரைட்டுக் கரைசலில் இட்டால் நூல் நூலாக அறுந்து கரைந்துபோனது. முடிச்சில் வைத்துப் பார்த்தபோது அப்படிக் கரையவில்லை. முழுப் பிசினையும் மாற்ற வேண்டாம், உள்ள பிசினுக்குள் கொஞ்சம் கலந்தால் போதும் என்பதுதான் இதில் பெரிய விடயம், ஏனென்றால் கொஞ்சம் என்பது விலையைப் பற்றிய சொல். ரெசின் கரைந்து போனால் இழை முழுதாக மீளும். நீளம் குறையாத இழைக்கு மறுபடி வேலை உண்டு. அரைத்துத் தூளாக்கினால் சீமெந்துக்குள் போடத்தான் ஆகும்.

போன ஆடிக்கு அந்தக் கரைக்கு மறுபடி போனேன். போட் திருத்தும் அண்ணை ஒருவர் 19 அடிப் போட் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, வெடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் துணி கட்டியிருந்தார், கையில் உறை இல்லை. இழைத் தூள் முழங்கைவரை அப்பியிருந்தது. நான் படித்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். குடுவை உடைந்த கதைக்குச் சிரித்தார். பிறகு, காற்றாலைக்குப் போடுகிற ரெசினும் எங்களுடையதும் ஒன்றா என்று கேட்டார். இல்லை, அது எபொக்சி, உங்களுடையது பொலியெஸ்ரர், மலிவானது என்றேன். அப்படியென்றால் கரைகிற சாமான் எங்களுக்கு வரும்போது லீற்றர் என்ன விலைக்கு வரும் என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அரக்கைவிட மலிவாக வந்ததால்தான் பேக்லைட் எங்கள் விறாந்தைச் சுவர் வரைக்கும் வந்தது. பூச்சியை வென்றது அதன் இரசாயனம் மட்டுமல்ல, விலையும்தான். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு, வெட்டிய பிளாஸ்டிக் கானுக்குள் ரெசினை ஊற்றி, சிறு போத்தலிலிருந்து ஹார்டனரைத் துளித்துளியாக எண்ணி விட்டார். ஐயாவின் சுவிச் எனது சட்டைப் பைக்குள் இருந்தது, காட்டலாம் என்று கொண்டுபோனது. எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், குமிழை ஒருதரம் அமத்தினார். அதற்குள் கான் சூடேறத் தொடங்கிவிட்டது. இறுகிவிடும் என்று சொல்லிச் சுவிச்சை என் கையில் தந்துவிட்டுத் தூரிகையை எடுத்தார்.